நிலையைத் தொடுமுன் ஒரு கேள்வி

வெள்ளம் வந்து வடிந்த மறு வருஷம் எங்கள் வீட்டு வாசல் நிலை உளுத்துப்போனது. எழுபதுகளின் பிற்பகுதி. ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக்கரைக்குப் போகும் வழியில் ஒரு சந்துக்குள் அப்பா விட்டுப்போன ஓட்டு வீடு அது. அந்த வெள்ளத்தில் மூன்று நாள் முழங்காலளவு தண்ணீர் வீட்டுக்குள் நின்றது. வடிந்த பிறகு சேற்றை வாரிக் கொட்டினோம், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம், பாய் தலையணையெல்லாம் வெயிலில் போட்டு எடுத்தோம். கதவைத் தாங்கி நிற்கிற மரத்தை யார் பார்த்தார்கள்?

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என் மனைவி நிலையின் கீழ்ப்படியைக் கழுவி மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். திடீரென்று "இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டாள். அவள் விரல் மரத்துக்குள் போயிருந்தது. ஊறவைத்த பிண்ணாக்கு மாதிரி மரம் அவள் கையோடு வந்தது. இரண்டு பக்கக் கால்களும் அடியில் ஒரு சாண் உயரத்துக்குத் தொட்டாலே உதிர்ந்தன. கதவின் கீழ்க் கீல் பிடிமானமில்லாமல் ஆடியது. அன்றிலிருந்து கதவைச் சாத்துவதென்றால் இரண்டு கையாலும் தூக்கித்தான் சாத்த வேண்டும்.

நான் அப்போது புத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார். எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. ஒரு நிலையைச் சரி செய்ய ஆள் பிடிப்பது பெரிய காரியமா என்று இறங்கினேன்.

முதலில் பிடித்தது ஒரு கொத்தனாரை. இரண்டு வீதி தள்ளிப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தார், கூப்பிட்டேன், வந்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. மக்கியதைக் கரண்டியால் சுரண்டி எடுத்தார், அந்தப் பொந்தில் சிமென்ட்டைக் குழைத்து அப்பினார், மேலே மழமழவென்று தேய்த்துவிட்டார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அடேயப்பா, இவ்வளவு சுலபமா என்று பூரித்துப்போனேன். என் மனைவி மட்டும் மரத்தோடு சிமென்ட் ஒட்டுமா என்று கேட்டாள். ஒட்டும் என்று விஞ்ஞான வாத்தியார் சொன்னேன். பதினைந்து நாளில் சிமென்ட் ஒரு பக்கமும் மரம் ஒரு பக்கமுமாக விலகி, நடுவில் கை நுழைகிற அளவுக்கு ஒரு சந்து விழுந்தது.

அடுத்து ஒரு மரக்கடையிலிருந்து ஆள் வந்தார். அவர் சைக்கிளைவிட்டு இறங்கவே இல்லை. ஒரு காலைத் தெருவில் ஊன்றிக்கொண்டே பார்த்தார். கடையில் ஒரு நிலை தயாராகக் கிடக்கிறதாம். அளவு கொஞ்சம் சின்னதாம், மீதி இடத்தைச் செங்கல் வைத்து அடைத்துவிடலாமாம். எங்கள் வாசலின் அளவு அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பார்த்தாலே தெரியும் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரைப் போகச் சொன்ன விதம் அவ்வளவு மரியாதையாக இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில், ஆசிரியர்கள் அறையில், ஊரில் ஒருத்தனுக்கும் வேலை தெரியவில்லை என்று பொரிந்து தள்ளினேன். எங்கள் கணக்கு வாத்தியார் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். மேலப்புதூரில் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் குடியிருந்த கிறிஸ்தவக் குடும்பம் அவருடையது. அதிர்ந்து பேசாத மனிதர். நான் ஓய்ந்த பிறகு சொன்னார்: "வேலை செய்யறவரைத் தேடாதீங்க சார், கேள்வி கேக்கறவரைத் தேடுங்க. வந்தவுடனே மரத்துல கை வைக்கிற ஆள் வேண்டாம். நாலு விஷயம் கேட்டுட்டுத் தொடணும்." தன் வீட்டுக் கதவுகளைச் செய்து கொடுத்த ஆசாரியைச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்.

அந்த ஆசாரி உறையூரிலிருந்து சைக்கிளில் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சாமான்கள் பின்னால் ஒரு கோணிப்பையில் கட்டியிருந்தன; அவிழ்க்கவே இல்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார். சாரல் எந்தப் பக்கமிருந்து அடிக்கும்? ஓட்டுத் தண்ணீர் எங்கே விழும்? வெள்ளம் எத்தனை நாள் நின்றது? கீழ்ப்படியில் வெயில் படுமா? வாசலுக்குத் தண்ணீர் தெளிப்பது தினமும் ஒரு வேளையா, இரண்டு வேளையா? பாதிக் கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. உள்ளேயிருந்து என் மனைவிதான் சொன்னாள். அவர் மரத்தில் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தார். குத்தூசியால் அங்கங்கே குத்தி, எதுவரை இறங்குகிறது என்று விரலால் அளந்தார்.

வெள்ளம் கெடுத்தது பாதிதான் என்றார். தினமும் தெளிக்கிற தண்ணீர் காய்வதற்குள் அடுத்த தண்ணீர் வந்துவிடுகிறது. போதாததற்கு, இந்தச் சிமென்ட் ஈரத்தை வெளியே விடாமல் உள்ளேயே வைத்துக்கொண்டது. ஒட்டுப் போட்டால் நிற்காது, நிலையைப் பெயர்த்து எடுத்துக் கால்களும் படியும் புதிதாகப் போட வேண்டும் என்று முடித்தார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நாளைக்கே ஆரம்பிக்கச் சொன்னேன்.

ஆடி பிறந்துவிட்டது, ஆடியில் நிலை வைப்பதில்லை என்றார். ஆவணியில் நல்ல நாள் பார்த்து வருவதாகச் சொன்னார். விடுவேனா? மரத்துக்குப் பஞ்சாங்கம் தெரியுமா, கரையானுக்கு ஆடி ஆவணி உண்டா என்று வகுப்பெடுத்தேன். முழுவதையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"மரத்துக்குத் தெரியாதுங்க சார். எனக்குத் தெரியுமே" என்றார்.

அந்த ஆடி மாதத்தில்தான் என் மனைவிக்கு நாள் தள்ளிப்போனது. எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஆறு வருஷத்தில் அவள் கேட்காத பேச்சில்லை, போகாத கோயிலில்லை. டாக்டரம்மா உறுதியாகச் சொன்ன அன்று பஸ்ஸில் வரும்போது, காவிரிப் பாலத்தின் மேல், அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். மூன்று மாதம் முடிகிறவரை வெளியே யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டோம். எல்லா வீட்டிலும் அப்படித்தான். புத்தூரிலிருந்த அவள் அம்மாவுக்கு மட்டும் சொன்னோம்.

அந்த அம்மா கேட்ட முதல் விஷயம் நிலையைப் பற்றித்தான். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் நிலையைப் பெயர்க்கக் கூடாது, பிரசவம் ஆகட்டும் என்றார்கள். நான் சிரித்தேன். அவர்கள் எதிரில் இல்லை, வீட்டுக்கு வந்து.

அதே வாரம் ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது என் மனைவி கட்டிலின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் நான் போனதிலிருந்து இறங்கவில்லையாம். வாசல் பக்கத்து மூலையில் கையைக் காட்டினாள். சிமென்ட் விலகிய சந்து வழியாக வந்து ஒரு பாம்பு சட்டையை உரித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. உள்ளே வந்தது வெளியே போயிற்றா என்றுகூடத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு அரிசி டின் முதற்கொண்டு நகர்த்திப் பார்த்தோம். சந்தில் சாக்கைத் திணித்து வைத்தேன். அவள் பயத்தைவிட என் பயம் பெரிது. பகல் முழுவதும் அவளை அந்த வீட்டில் தனியாக விட்டுவிட்டுத்தான் நான் போக வேண்டும். ஐப்பசி மழை வேறு நெருங்கிக்கொண்டிருக்கிறது. பிரசவம் பங்குனியில்.

அவள் ஒரு வழி சொன்னாள். "ஆசாரி வரட்டும். அவர் கேட்டா உள்ளதைச் சொல்லிடுங்க. எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாதுன்னு அவருக்குத் தெரியும்." நான் சரி என்றேன்.

ஆவணி மாதம் அவர் சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்தார். கால்களையும் படியையும் உறையூரிலேயே செதுக்கி, சுவருக்குள் போகிற பக்கத்துக்குத் தார் பூசி, ஒரு வண்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். இறக்கி வைத்துவிட்டு என்னைத் தெருவோரமாகத் தனியே கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க சார். கேக்காம தொடக்கூடாது. வீட்ல யாராவது முழுகாம இருக்காங்களா?"

உண்மையைச் சொன்னால் சாமானைக் கட்டிக்கொண்டு போய்விடுவார், பங்குனி வரைக்கும் அந்தப் பொந்து அப்படியே கிடக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. மூன்று மாதம் முடியாமல் வெளியாளிடம் சொல்லக் கூடாது என்று நாங்கள் வைத்திருந்த கட்டுப்பாடும் கைக்கு வாகாக இருந்தது. இதெல்லாம் மூடநம்பிக்கை என்ற கர்வம் அதற்கு மேல். இல்லை என்றேன்.

"அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுட்டு வேணா சொல்லுங்க சார்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் வீட்டு விஷயம் எனக்குத் தெரியாதா என்று கேட்டுவிட்டேன். பொய் சொன்னவன் நான். மன்னிப்புக் கேட்டவர் அவர்.

உள்ளே போனேன். அடுப்படியில் என் மனைவி நிமிர்ந்து பார்த்து, "கேட்டாரா?" என்றாள். ஒன்றும் கேட்கவில்லை என்றேன். அவ்வளவு தெரிந்தவர் கேட்கவில்லையென்றால் இப்போதெல்லாம் அது தேவையில்லை போலிருக்கிறது என்று அவளாகவே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்து எனக்கும் நிம்மதியாயிற்று. பாவி, நிம்மதியாயிற்று என்று எழுதவே இப்போது கை கூசுகிறது.

மத்தியானத்துக்குள் பழைய நிலை வெளியே வந்துவிட்டது. உள்ளேயிருந்து பார்த்தால் தெரு அப்படியே வீட்டுக்குள் வந்தது போலிருந்தது. வெயிலில் அவர் படியைப் பொருத்திக்கொண்டிருந்தபோது என் மனைவி மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சாயங்காலத்துக்கு முன்னால் நிலை நின்றது. நவதானியத்தையும் ஒரு காசையும் மஞ்சள் துணியில் முடிந்து மேலே கட்டினார். வீட்டம்மா கையால் சூடம் காட்டட்டும் என்றார். அவள் காட்டினாள். நல்லா இருப்பீங்கம்மா என்று அவர் அவளைப் பார்த்துச் சொன்னார்.

கீழ்ப்படியை வெளிப்பக்கம் லேசாகச் சரித்து வைத்திருந்தார், தண்ணீர் நிற்காமல் தெருவுக்கு ஓடிவிட. படியில் தண்ணீரைக் கொட்டாமல் ஈரத்துணியால் துடைத்து மஞ்சள் பூசும்படி அவளிடம் சொன்னார். புது மரம் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும், சித்திரையில் ஒரு முறை வந்து கதவை இழைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். எந்த ஊரில் எந்த ஆசாரி வேலை முடிந்த பிறகு திரும்பி வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மழை வந்தது. ஐப்பசியும் கார்த்திகையும் கொட்டித் தீர்த்தன. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. கதவு ஒரு விரலால் தள்ளினால் திறந்தது. சரியான ஆளைப் பிடித்துவிட்டேன் என்று பள்ளிக்கூடத்தில் பெருமை அடித்துக்கொண்டேன். தை மாதம் வளைகாப்பு நடந்தது. என் மனைவி கை நிறைய வளையலோடு புத்தூருக்கு அம்மா வீட்டுக்குப் போனாள்.

மாசி மாதம், எட்டாம் மாதத்தில், ஒரு காலை குழந்தை அசையவில்லை என்று அவள் சொன்னாள். பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. நான் முதல் பீரியட் எடுத்துக்கொண்டிருந்தேன், ஆள் வந்து கூப்பிட்டார்கள். பெண் குழந்தை. தலை நிறைய முடி. உயிர் இல்லை. கொடி இரண்டு சுற்றுக் கழுத்தைச் சுற்றியிருந்ததாக டாக்டரம்மா சொன்னார். யார் பேரிலும் குற்றமில்லை, சில சமயம் இப்படி ஆகிவிடுகிறது என்றார். நான் அதை நம்பினேன். இன்றும் அதைத்தான் நம்புகிறேன். காவிரிக்கரையில் புதைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மாமியார் மகளிடம் தணிந்த குரலில் நிலையைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆசாரி ஒண்ணும் கேக்கலைம்மா" என்று என் மனைவி சொன்னாள். "கேட்டிருந்தா சொல்லியிருப்போம்."

நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றேன். உள்ளே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. இந்த நேரத்தில் அதைச் சொன்னால் அவள் தாங்க மாட்டாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

சித்திரை பிறந்த இரண்டாம் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் சைக்கிள் மணி கேட்டது. அவரேதான். நான் யாரையும் விட்டுச் சொல்லி அனுப்பவில்லை. கோணிப்பையை அவிழ்த்து இழைப்புளியை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து மூடிப் பார்த்து, மேலே எங்கே உரசுகிறது என்று கோடு போட்டார். என் மனைவி அம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வெளியே வந்தவள், அவர் வேண்டாம் என்றதும் உள்ளே போனாள். அவர் அவளையே பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அம்மாவுக்கு உடம்பு முடியலையா சார்? ரொம்ப இளைச்சுட்டாங்களே."

மாசியில் பிரசவத்துக்கு முன்னாலேயே குழந்தை போய்விட்டது என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? இழைப்புளியைக் கீழே வைத்தார். நிலையை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"நான் கேட்டேனே சார். ரெண்டு தடவை கேட்டேனே. சொல்லியிருந்தா தொட்டிருக்க மாட்டேனே. அந்தச் சந்தை ஒரு பலகை வச்சு அடைச்சுக் கொடுத்துட்டுப் போயிருப்பேன். ஒரு வருஷம் தாங்கியிருக்கும் சார்."

ஒரு பலகை. அது எனக்குத் தோன்றவே இல்லை. அவரிடம் கேட்கவும் இல்லை.

அவர், இருபத்தைந்து வருஷமாக எத்தனையோ வீட்டுக்கு நிலை வைத்திருக்கிறேன், ஒரு வீட்டிலும் கேட்காமல் தொட்டதில்லை, என் கையால் இப்படி ஆகிவிட்டதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதை நம்பாதவன் நான். அதைச் சுமக்கப் போகிறவர் அவர். கொடி சுற்றியதை, டாக்டரம்மா சொன்னதை நான் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். ஒரு வார்த்தையும் அவர் காதில் ஏறவில்லை.

நடு அறையில் நின்று என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அதை நான் அப்போதுதான் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். அதிக நேரம் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி வாசலுக்கு வந்து அவர் எதிரில் நின்றாள்.

"ஆறாம் மாசங்க" என்றாள். "நீங்க வந்தப்ப ஒண்ணும் கிடையாது. சார் சரியாத்தான் சொல்லியிருக்கார்."

அவர் பெருவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணினார். மாசி, தை, மார்கழி, கார்த்திகை, ஐப்பசி, புரட்டாசி. புரட்டாசியில் விரல் நின்றது. ஆவணிக்குப் போகவில்லை. மறுபடியும் ஒரு தடவை எண்ணினார். அப்புறம் படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. என் மனைவி அவர் ஓய்கிறவரை அங்கேயே நின்றாள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். இந்தத் தடவை அவர் வாங்கிக் குடித்தார்.

கதவை இழைத்து முடித்தார். சுருளைக் கூட்டி அள்ளினார். பெருமாள் உங்களைக் கைவிட மாட்டார் அம்மா என்று அவளிடம் சொல்லி, என்னையும் கும்பிட்டுவிட்டுப் போனார். என்னை அவர் கும்பிட்டது இன்னமும் உறுத்துகிறது.

கதவைச் சாத்திவிட்டு அவள் சுவரோரமாக உட்கார்ந்தாள். நான் எதிரில் போய் நின்றேன். பாம்பைப் பற்றிச் சொன்னேன், மழையைப் பற்றிச் சொன்னேன், அவள் பகலெல்லாம் தனியாக இருந்ததைச் சொன்னேன். எல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான். கடைசியில் டாக்டரம்மா சொன்னதற்கு வந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அவருக்குச் சொல்ல எங்கிட்ட ஒரு பொய் இருந்துச்சு" என்றாள். "எனக்குச் சொல்ல உங்ககிட்ட என்ன இருக்கு?"